ஆறு மாத வீரம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், 'ஆயிரம் ஆண்டுப் பழமையான ஜூடோ, கராத்தேயை ஆறே மாதம் கற்றால் போதும், பெண்கள் யாருக்கும் அஞ்ச வேண்டாம்' என்று படித்தேன். எழுதியவர் ஒரு தடவையாவது ஜூடோ மெத்தையில் விழுந்து எழுந்திருப்பாரா?

ஜிகோரோ கானோ ஜூடோவைத் தொடங்கியது 1882-இல். ஒகினாவாத் தீவிலிருந்து கராத்தே ஆசான் ஃபுனகோஷி டோக்கியோ வந்து கராத்தேயைச் செய்துகாட்டியது 1922-இல். தங்களுக்குத் தெரியாததா? அச்சில் ஏதோ நழுவியிருக்கும்.

கல்லூரி நாட்களில் நான் ஜூடோ ஆடியவள். அதில் ராண்டோரி உண்டு. எதிரே நிற்பவள் நம்மைத் தூக்கிப் போடத்தான் பார்ப்பாள், விட்டுக்கொடுக்க மாட்டாள். இன்றும் யாராவது தோளைப் பிடித்து இழுத்தால் என் கால் தானாக நகரும். என் மகள் போன கராத்தே வகுப்பில் அந்தப் பேச்சே இல்லை. மொட்டைமாடியில் வரிசையாக நின்று காற்றில் குத்துவார்கள், கட்டா என்று மனப்பாட அசைவுகளைச் செய்வார்கள். பெல்ட் மாறும்போதெல்லாம் டெஸ்ட் ஃபீஸ், சான்றிதழுக்குத் தனிக் காசு. பிரவுன் பெல்ட் வாங்கிய பிள்ளை, நெரிசலான பஸ்ஸில் ஒருவன் மணிக்கட்டைப் பிடித்தபோது கத்தக்கூட வராமல் நின்றாள். பக்கத்தில் இருந்த பூக்கார அம்மா காலிக் கூடையால் அவன் முகத்தில் ரெண்டு போட்டார். விட்டுவிட்டு இறங்கி ஓடினான். மாஸ்டரிடம் சொன்னால், "ஸ்டான்ஸ், அதாவது நிற்கும் நிலை, சரியாக எடுக்கவில்லை" என்கிறார். மாலை ஆறு மணி பஸ்ஸில் ஸ்டான்ஸ்!

கராத்தேயே வீண் என்று நான் சொல்லவில்லை. உடம்பில் நிஜமாகவே அடி வாங்கிப் பழகும் கியோகுஷின் வகைக் கராத்தே பிள்ளைகளிடம் நானும் வம்புக்குப் போக மாட்டேன். ஆனால் அதற்கு வருடங்கள் ஆகும். அப்புறம், எதிராளி கத்தியை எடுத்துவிட்டால் எந்த பெல்ட்காரரும் முதலில் ஓடத்தான் வேண்டும். நல்ல மாஸ்டர்கள் இதை முதல் நாளே சொல்லிவிடுவார்கள். உங்கள் கட்டுரையில் அந்த ஒரு வரி இல்லை. அதற்கு நேர் கீழே கோடைக்காலப் பயிற்சி விளம்பரம் இருந்தது, தற்செயலாகத்தான் இருக்கும்.

மகளிர் தினம் வந்தால் ஓடு உடைக்கும் பெண்ணின் படம் தவறாமல் போடுகிறீர்கள். எங்கள் தெருவில் விளக்கு எரியவில்லை என்று நான் அனுப்பிய கடிதங்களுக்குத்தான் இடமே கிடைப்பதில்லை.

போகட்டும். 'திருத்தம்' பகுதியில் 1882 என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். மிச்ச இடத்தில் 112, 181 என்ற இரண்டு உதவி எண்களும் அடங்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பெரம்பூர், சென்னை - 11