இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு வீங்கிய காலை நீவாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வயதானவர்கள் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொள்வது பற்றி உங்கள் மருத்துவப் பக்கத்தில் எழுதுகிறீர்கள். பாத்ரூமில் ஈரம் கூடாது, கைப்பிடி வேண்டும், எல்லாம் சரி. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு வரும் ஆபத்தையும் எழுதுங்கள். தொடை, இடுப்புச் சிரைகளில், அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்களில், ரத்தம் உறைவதைத்தான் சொல்கிறேன்.

முழங்காலுக்குப் பின்னாலிருந்து ஏறும் பெரிய சிரையோடு தொடைத் தசைகளின் ஆழ்சிரையும், பாதத்திலிருந்து தோலுக்கடியில் வரும் நீளச் சிரையும் சேர்கின்றன, அது கவட்டையைத் தாண்டி உள்ளே போனதும் பிட்டத்து ரத்தத்தைக் கொண்டுவரும் சிரையும் கூடிக்கொள்ள, கடைசியில் எல்லாம் கீழ்ப்பெருஞ்சிரை வழியாக இதயத்துக்குப் போகிறது. இவ்வளவு ரத்தத்தையும் மேலே தள்ளிவிடுவதில் கெண்டைக்கால் தசைக்குப் பெரிய பங்கு உண்டு. படுத்தே கிடந்தால் அந்த வேலை நடக்காது, ரத்தம் தேங்கும். போதாததற்கு எலும்பு முறிவும் ஆபரேஷனும் ரத்தம் உறையும் தன்மையைக் கூட்டிவிடுகின்றன. தொடையிலோ இடுப்பிலோ உருவான ரத்தக்கட்டி பிய்த்துக்கொண்டு நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் "நரம்பு பிடிச்சிருக்கு" என்று தைலம் போட்டு அழுத்தி நீவிவிடுகிறோம். பாசத்தில் செய்வதுதான், ஆனால் உள்ளே கட்டி இருந்தால் அது நகர்ந்துவிடலாம். தயவுசெய்து நீவாதீர்கள். உடனே டாக்டரிடம் போய் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். திடீரென மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ 108-ஐ அழையுங்கள், காத்திருக்கவே கூடாது.

கர்ப்பிணிகளுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் இது வரும், அதுவும் இடது காலில்தான் அதிகம். காரணம், இடுப்புக்குள் இடப்பக்கச் சிரையின் மேல் வலப்பக்கத் தமனி (இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுவரும் குழாய்) குறுக்கே ஏறி அழுத்துகிறது. பிரசவமான பெண்ணை எழுந்து நடமாடவே விடாமல் படுக்கவைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இடுப்பு ஆபரேஷனுக்குப் பின் ரத்தம் உறையாமலிருக்கத் தரும் ஊசியோ மாத்திரையோ 35 நாள் வரைகூடத் தேவைப்படலாம். வீட்டுக்கு வந்தாச்சே என்று நாமாக நிறுத்தக்கூடாது. டிஸ்சார்ஜ் சீட்டில் இதையெல்லாம் தமிழில், பெரிய எழுத்தில் அச்சிட்டுத் தர வேண்டும் என்று அரசு, தனியார் மருத்துவமனைகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொள்கிறேன். அக்டோபர் 13 உலக ரத்த உறைவு தினம், அன்றைக்காவது நீங்கள் படத்தோடு ஒரு முழுப் பக்கம் போடுங்கள்.

இப்படிக்கு,
மதுரை வாசகர் ஒருவர்