மழைக்கு டிவி கேம் இருக்கட்டும், வெயிலடிச்சா கிரவுண்டுக்கு விடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என் மக ஏழாங்கிளாஸ் படிக்கா, தக்கலை பக்கத்துல ஒரு தனியார் ஸ்கூல், பேரு வேண்டாம். அங்க பி.டி. பீரியடுக்குன்னு வீடியோ கேம் ரூம் ஒண்ணு ரெடி பண்றாங்க. சோபால சாஞ்சு பட்டன் அமுக்குற கேம் கிடையாது, கையை காலை வீசி, குதிச்சு, குனிஞ்சு விளையாடுற வகை. பெரிய டிவி, தரையில அம்புக்குறி போட்ட மேட், எதிர்ல ஒரு கேமரா. பேரண்ட்ஸ் மீட்டிங்ல இதை சொன்னதும் பாதிப்பேரு கைதட்டிட்டாங்க, மீதிப்பேரு வீட்லதான் போனை பிடுங்க முடியல இனி ஸ்கூல்லயும் கேமான்னு முணுமுணுத்தாங்க. நான் ரெண்டு கட்சியிலயும் சேரல. டிவி, கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வச்சிருக்கேன், இந்த சாமானை எல்லாம் கழட்டி பாத்தவன், அதனால எனக்கு தோணுறத எழுதுறேன். மழை நாளுக்கும், கிரவுண்டுக்கு போனாலும் ஓரமா உக்காந்துக்கிற பிள்ளைகளுக்கும் இது நல்லதுதான். ஆனா இதை காட்டி கிரவுண்டை மறக்கடிக்கிற வேலை நடந்தா அதை விடக்கூடாது.

இது ஏதோ நேத்து வந்த சமாச்சாரம்னு நெனைக்க வேண்டாம். 1998-லயே ஜப்பான்ல கொனாமி கம்பெனி டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்னு ஒரு மெஷினை கேம் சென்டர்ல இறக்குனாங்க, திரையில ஏறிப்போற அம்புக்குறிக்கு தக்கன காலை வைக்கணும், அவ்வளவுதான் ஆட்டம். 2006-ல அமெரிக்காவுல வெஸ்ட் வர்ஜீனியா மாநிலத்துக்காரங்க, பிள்ளைங்க ஒரேயடியா குண்டாகுதேன்னு, அங்க உள்ள 765 அரசு பள்ளியிலயும் அந்த கேமை கொண்டு வரப்போறதா அறிவிச்சாங்க. அதே வருஷம் கடைசில நின்டென்டோ கம்பெனியோட வீ (Wii)ங்கிற கேம் மெஷின் வந்துச்சு, ரிமோட்டையே டென்னிஸ் மட்டையா வீசலாம். 2010-ல மைக்ரோசாப்ட்டோட கினெக்ட்ங்கிற கேமரா வந்து, ரிமோட்டும் வேண்டாம் நீ சும்மா வந்து முன்னால நில்லுன்னுட்டு. நம்ம பக்கம் கல்ஃப்ல இருந்து லீவுக்கு வர்றவங்க பெட்டியில இதெல்லாம் அப்பவே வந்து இறங்கியாச்சு, கொஞ்ச நாள் வீடே ஆடும், பொறவு டிவி ஸ்டாண்டுக்கு அடியில போயிடும், தூசி புடிச்சு என் கடைக்கு வர்றது அதுக்கப்புறம்.

சரி இதனால உடம்புக்கு பலன் உண்டான்னா, உண்டு, ஆனா அளவோட. 2007-ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, பதிமூணு பதினஞ்சு வயசு பிள்ளைகளை வீ விளையாட விட்டு எவ்வளவு எனர்ஜி செலவாகுதுன்னு அளந்து பாத்தாங்க. உக்காந்து விளையாடுற கேமை விட கூடுதலா செலவாகுது, ஆனா அதே விளையாட்டை நிஜத்துல விளையாடுற அளவுக்கு வராதுன்னு சொல்லிட்டாங்க. இன்னொண்ணு 2012-ல வந்தது, ஹூஸ்டன் பக்கம் நடந்தது. பிள்ளைங்க வீட்டுக்கே கேமை குடுத்து, பாதிப்பேருக்கு ஆடி விளையாடுற கேம், பாதிப்பேருக்கு சாதா கேம், இடுப்புல அசைவை அளக்கிற கருவியை கட்டி விட்டு பல வாரம் பாத்தா ரெண்டு குரூப்புக்கும் வித்தியாசமே காணும். சும்மா வாங்கி குடுத்துட்டா பிள்ளை தானா ஓடிடாது, பக்கத்துல நின்னு விரட்ட ஒரு ஆள் வேணும்னுதான் எனக்கு இதுல புரியுது. அந்த ஆளுக்கு நம்ம ஸ்கூல்ல பி.இ.டி. சாருன்னு பேரு. உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்கு அஞ்சு வயசுல இருந்து பதினேழு வயசு வரைக்கும் சராசரியா தினம் 60 நிமிஷம், அதுவும் மூச்சு வாங்குற மாதிரி உள்ள அசைவு.

மீட்டிங் அன்னைக்கு டெமோ காட்டினாங்க, ரெண்டு விஷயம் பாத்தேன். எட்டாங்கிளாஸ் பையன் ஒருத்தன், ரிமோட் வச்சு ஆடுற டென்னிஸ் கேம். முதல்ல நல்லா கையை சுத்தி அடிச்சான், ரெண்டு பாயிண்ட் போனதும் எல்லாம் புடிபட்டுடுச்சு அவனுக்கு, அப்படியே ஒரு நாற்காலியில போய் உக்காந்துட்டு மணிக்கட்டை மட்டும் டக்கு டக்குன்னு சொடுக்குறான், ஜெயிச்சுட்டான். அந்த ரிமோட்டுக்குள்ள ஒரு சின்ன சிப் இருக்கு, அது ரிமோட் எப்படி அசையுதுன்னு மட்டும்தான் பாக்கும், நீ ஓடுறியா உக்காந்திருக்கியான்னு அதுக்கு தெரியாது. பையன் கெட்டிக்காரன்தான், ஆனா வேர்வைன்னு ஒரு சொட்டு வரல.

பொறவு அந்த மேட். என் மக கிளாஸ்ல ஒரு பிள்ளை, கிரவுண்டுக்கு போனா ஷூ கடிக்கி, தலை சுத்துதுன்னு எதாவது சொல்லி மரத்தடியில ரெக்கார்டு நோட்டு எழுதிட்டே இருக்கும்னு மக சொல்லுவா. கொஞ்சம் தடிச்ச பிள்ளை, ஓடுனா பசங்க சிரிப்பாங்கன்னு பயம். அது செருப்பை கழட்டி போட்டுட்டு துப்பட்டாவை இடுப்புல முடிஞ்சுட்டு மேட்டுல ஏறிச்சு பாருங்க, பாட்டு முடியுற வரைக்கும் ஒரு அம்பு கூட தவறல, இறங்கும்போது மூச்சு இரைக்குது, முகமெல்லாம் சிரிப்பு. பக்கத்துல நின்ன டீச்சருக்கே ஆச்சரியம். என்னை கேட்டா அந்த ரூமுக்கு அது ஒண்ணு போதும். எட்டாவது ஒம்பதாவது வந்தாச்சுன்னா நம்ம பெண்பிள்ளைங்க பாதி கிரவுண்டை விட்டுட்டு போயிடுதுங்க, வீட்லயும் ஓடாத ஆடாதன்னு சொல்றோம், அதுங்களுக்கு நாலு சுவருக்குள்ள கூட்டம் பாக்காம ஆட ஒரு இடம் கெடச்சா நல்லதுதானே. வீல்சேர்ல வர்ற பிள்ளை பாக்ஸிங் கேம்ல கூட படிக்கிறவனோட சமமா மோதலாம், கிரவுண்டுல அதுக்கு நம்ம ஸ்கூல்கள்ல வழி இல்ல.

ஆனா கணக்கை பாக்கணும். கிளாஸ்ல 40 பிள்ளைங்க, பீரியட் 40 நிமிஷம். வரிசையா ரூமுக்கு போய் செருப்பு கழட்டி நிக்கவும் திரும்பி வரவும் பத்து நிமிஷம் போயிடும். மிச்சம் 30. ஒரு நேரத்துல ரெண்டு பேரு ஆடலாம்னா இருபது ஜோடி, ஆளுக்கு ஒண்ணரை நிமிஷம். மிச்ச நேரம் முழுக்க சுவரோரம் உக்காந்து அடுத்தவன் ஆடுறத வேடிக்கை பாக்கணும். இதுக்கு பேரு பி.டி. பீரியடா? கபடி கோட்டுல கூட ஒரே நேரத்துல பதினாலு பேரு நிக்கலாம், ஒரு ஃபுட்பாலை போட்டு விட்டா மொத்த கிளாஸும் பின்னாலயே ஓடும். தூத்தூர், சின்னத்துறை பக்கம் கடப்புறத்துல சாயங்காலம் போய் பாருங்க, செருப்பு இல்லாம மணல்ல பந்து அடிக்கிற பிள்ளைங்கதான் வளந்து பெரிய டீமுக்கு ஆட போகுது, அவங்களுக்கு எவனும் ஸ்கோர் போர்டு வச்சு குடுக்கல.

அடுத்து சாமானோட ஆயுசு, இது என் தொழில். இந்த சாஃப்ட் மேட்டை கிழிச்சு பாத்தா உள்ள ஒண்ணும் இல்ல, கரி மாதிரி கறுப்பு கோடு போட்ட ரெண்டு பிளாஸ்டிக் ஷீட்டு, நடுவுல ஓட்டை ஓட்டையா வெட்டின ஃபோம். கால் அமுக்குனா ஓட்டை வழியா மேல் ஷீட்டு கீழ் ஷீட்டை தொடும், தொட்டா மெஷினுக்கு சிக்னல் போகும். 40 பிள்ளைங்க மாத்தி மாத்தி குதிச்சா ஃபோம் சப்பி போயிடும், பொறவு யாரும் மிதிக்காமலே இடது அம்பு எரிஞ்சிட்டே இருக்கும். வேர்வை, நனைஞ்ச கால், நம்ம ஊரு ஈரக்காத்து, கடல் பக்கம்னா உப்பு வேற, கனெக்டர் பின் எல்லாம் பச்சை புடிச்சு போயிடும். கெட்டியான மேட் கிடைக்கும், விலை எங்கயோ நிக்கும். கம்பெனியும் நிரந்தரம் கெடையாது, மைக்ரோசாப்ட் 2017-ல கினெக்ட் தயாரிக்கிறதை நிப்பாட்டியாச்சு, வீ அதுக்கும் முன்னாலயே போச்சு. ஸ்கூல்காரங்க விக்க வர்றவங்க கிட்ட கேக்க வேண்டிய கேள்வி, மூணு வருஷம் கழிச்சு ஸ்பேர் குடுப்பியா, யாரு வந்து பாப்பா. கேமராவை பத்தியும் ஒரு வார்த்தை. பிள்ளைங்க ஆடுற படம் அந்த பெட்டிக்குள்ளயே நிக்குதா வெளிய எங்கயாவது போகுதான்னு கேட்டேன், பதில் வரல. 2023-ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவு பாதுகாப்பு சட்டத்துல பதினெட்டு வயசுக்கு கீழ உள்ளவங்க தரவுன்னா பெத்தவங்க சம்மதம் வேணும்னு இருக்கு, அதை எழுத்துல கேட்டு வாங்குங்க.

இப்ப மழைக்கு வர்றேன், நம்ம மாவட்டத்துக்கு இதுதான் முக்கியம். மத்த ஊருக்கு ஒரு மழைன்னா நமக்கு ரெண்டு. ஸ்கூல் தொறக்குற ஜூன்ல இடவப்பாதி, அதான் தென்மேற்கு பருவமழை, ஆரம்பிச்சுடும், அது ஓஞ்சு கொஞ்சம் காஞ்சா ஐப்பசி கார்த்திகையில திரும்ப அடிக்கும். குலசேகரம், திருவட்டார், மார்த்தாண்டம் பக்கம் எல்லாம் ஸ்கூலே மேட்டுலயும் சரிவுலயும்தான் நிக்குது, கிரவுண்டுன்னு இருக்குறது செம்மண், ஒரு மழை பெஞ்சா சேறு, மறுநாளும் காலை வைக்க முடியாது, வழுக்கும். அந்த நாள்ல எல்லாம் பி.டி. பீரியட் என்ன ஆகுது? மேத்ஸ் சார் வந்துடுவாரு. வெயில் நாள்லயும் வர்றாருன்னு வைங்க, அது வேற கதை. பி.டி. பீரியடை கடன் வாங்காதீங்க, முடிஞ்சா உங்க பீரியடை பி.டி.க்கு குடுங்கன்னு உதயநிதி ஸ்டாலின் விளையாட்டுத்துறை அமைச்சரா இருந்தப்ப மேடையிலேயே சொல்லியும் பரீட்சை வந்தா யாருக்கும் காது கேக்காது. அதனால மழை நாளுக்கு ரூமுக்குள்ள ஆட ஒரு ஏற்பாடு இருந்தா அந்த பீரியடாவது தப்பிக்கும், நான் இதை ஆதரிக்கிறதுக்கு முதல் காரணமே அதுதான்.

அதுக்கும் லட்சக்கணக்குல போடணும்னு இல்ல. இப்ப அரசு பள்ளியிலயே ஸ்மார்ட் போர்டு, ஹைடெக் லேபுன்னு திரை இருக்கு. அதுல ஆடுற ஸ்டெப்பை ஓட விட்டு, வராந்தாலயோ ஹால்லயோ தரையில சாக்பீஸால ஆளுக்கு நாலு அம்பு வரைஞ்சு விட்டா 40 பேரும் ஒரே நேரத்துல ஆடலாம், சென்சாரும் வேண்டாம் மேட்டும் வேண்டாம். பாயிண்ட் வராது, வராட்டி என்ன, எல்லாரும் வேர்க்கும்ல. பாயிண்ட் போர்டுல கடைசில நிக்கிற பிள்ளை பேரு பெருசா எழுதி காட்டாம இருந்தாலே பாதி பிள்ளைங்க சந்தோஷமா ஆடும். மழை நாள்ல ஹால்ல சிலம்பம் சொல்லிக் குடுக்கலாம், அடிமுறைங்கிற பழைய சண்டைக்கலை தெரிஞ்ச ஆசான்மாரு நம்ம மாவட்டத்துல இன்னும் இருக்காங்க, கூப்பிட்டா வருவாங்க.

ஆனா ஆள் இல்லாம எதுவும் நடக்காது. கல்வி உரிமைச் சட்டம் 2009-ல விளையாட்டு மைதானம் வேணும்னு எழுதியிருக்கு, ஆறுல இருந்து எட்டு வரை நூறு பிள்ளைக்கு மேல இருந்தா உடற்கல்விக்கு பகுதிநேர ஆசிரியராவது வேணும்னும் எழுதியிருக்கு. நம்ம தமிழ்நாட்டுல 2012-ல பகுதிநேரமா எடுத்தவங்க வருஷக்கணக்கா நிரந்தரம் பண்ணுங்கன்னு போராடிட்டு வந்திருக்காங்க. அந்த சம்பளத்துக்கு காசு இல்லங்கிற இடத்துல டிவிக்கு காசு எங்கருந்து வருதுன்னு கேக்கத் தோணுது. தனியார் ஸ்கூல்ல இன்னும் மோசம், ஒரே பி.இ.டி. சார், அவரே பஸ் டூட்டி, அவரே டிசிப்ளின், ஆண்டு விழாவுக்கு மைக் செட்டுக்கும் அவரே அலையணும்.

மக ஸ்கூல்ல ரூம் எங்க வருதுன்னு விசாரிச்சேன். பழைய கிரவுண்டுல பாதி இப்ப ஸ்கூல் பஸ் நிக்கிற இடம், மீதியில புது கட்டடத்துக்கு கம்பி இறக்கிப் போட்டிருக்கு. டிஜிட்டல் ஸ்போர்ட்ஸ்னு பேரு வச்சு பீஸ்ல தனியா ஒரு தொகையும் சேர்க்கப் போறாங்க. இப்ப புரியுதா நான் ஏன் கைதட்டலன்னு.

அதனால முதன்மைக் கல்வி அலுவலர் அலுவலகத்துக்கு உங்க பேப்பர் வழியா ஒரு வேண்டுகோள். இந்த மாதிரி ரூம் கட்டுற ஸ்கூலை எல்லாம் தடுக்க வேண்டாம், ஆனா போய் பாக்கும்போது அங்கீகாரம் வாங்குறப்ப காட்டின கிரவுண்டு இப்பவும் இருக்கா, அதுல பஸ் நிக்குதா பிள்ளை நிக்குதான்னு பாருங்க. டைம்டேபிள்ல அந்த ரூம் மழை நாளுக்குன்னு எழுதச் சொல்லுங்க, வாரத்துல ஒரு பீரியடை வேணும்னா ஓடத் தயங்குற பிள்ளைகளுக்குன்னு தனியா வைக்கட்டும், மத்த நாள் வெயிலடிச்சா எல்லாரும் வெளிய. பெத்தவங்களுக்கும் சொல்றேன், அடுத்த மீட்டிங்ல மார்க் லிஸ்டை கேக்குற மாதிரி போன மாசம் எத்தனை பி.டி. பீரியட் நடந்துச்சுன்னும் கேளுங்க, நான் கேக்கத்தான் போறேன். மேட் ரிப்பேர்னா என் கடைக்கு கொண்டு வாங்க, கூலி குறைச்சு பண்ணித் தர்றேன், கிரவுண்டு போச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.