மூன்று கொம்புப் பச்சோந்தி

மூணாறு,
ஜனவரி 18

அன்புள்ள பாண்டி,

உன் கடிதம் பொங்கலுக்கு முதல் நாளே வந்துவிட்டது. நான்தான் பதில் போடப் பிந்திவிட்டேன். இங்கே நாலு நாளாக உறைபனி. விடியலில் புல்லெல்லாம் உப்புத் தூவினாற்போல வெளுத்துக் கிடக்கிறது, கொழுந்து கருகிவிட்டது. மற்றபடி எல்லோரும் சுகம். உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது?

சரி, சங்கதிக்கு வருகிறேன். கென்யாவில் தேயிலைப் பேக்டரியில் இருக்கிறானே சின்னவன், போன வாரம் ஒரு வீடியோ அனுப்பினான். 5,199 மீட்டர் உயரமுள்ள கென்யா மலையின் சரிவு, நம் தோட்டத்து லய வீடுகளைப் போலவே குளிர். வேலிச்செடியில் ஒரு ஆண் பச்சோந்தி. மூக்கில் ஒன்று, கண்களுக்கு முன்னால் இரண்டு என்று மூன்று கொம்பு! ஜாக்சன் பச்சோந்தி என்று பெயராம்.

வெயில் வருமுன் அது கரிக்கட்டை மாதிரி கறுத்துக் கிடந்தது. வெயில் பட்டதும் உடம்பைப் பலகைபோலத் தட்டையாக்கி, விலாவைச் சூரியனுக்குக் காட்டி அசையாமல் நின்றது. கறுப்பு சூட்டை வாங்கிக்கொள்ளும் இல்லையா, அதற்குத்தான். உடம்பு காய்ந்த பிறகு மெல்லப் பச்சை ஏறியது. இலைக்குத் தக்க நிறம் மாறும் என்றுதானே நாம் நினைத்திருந்தோம்? குளிர், வெயில், கோபம், பயம் இவற்றுக்குத்தான் பெரும்பாலும் மாறுகிறதாம்.

அதைவிட என் மனசில் நிற்பது அதன் பிள்ளைப்பேறு. நான் உங்கள் வீட்டில் தங்கி எட்டாவது படித்தபோது, போடியில் பனங்காட்டு ஓரம் வயிறு பருத்த பச்சோந்தி ஒன்று மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? நம் ஊர்ப் பச்சோந்தி முட்டையைப் புதைத்துவிட்டுப் போய்விடும், மண்ணின் சூடு பொரிக்க வைக்கும். மலை மண்ணில் அந்தச் சூடு ஏது? அதனால் ஜாக்சன் தாய் முட்டைகளை வயிற்றிலேயே வைத்து ஆறு மாதம்போலச் சுமக்கிறது. வெயில் தேடி ஏறித் தான் காய்ந்தால்தான் உள்ளே இருப்பவற்றுக்கும் சூடு. அப்புறம் மெல்லிய சவ்வோடு ஒவ்வொன்றாகக் கிளையில் ஈனுகிறது. குட்டி சவ்வைக் கிழித்துக்கொண்டு வந்து அப்போதே நடக்கிறது. ஒரு ஈற்றுக்குப் பத்து, இருபதுகூட உண்டு.

என்னைச் சுமந்தபோது அம்மா ஒன்பதாம் மாதம் வரை கொழுந்தெடுத்தாளாம். இடைவேளையில் வெயில் படும் பாறை ஒன்றில் போய் உட்கார்ந்துகொள்வாளாம். அந்தப் பாறையை நேற்றுப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

அன்று பனங்காட்டுக் குழியைக் கிளறப் போன என் கையை நீ பிடித்து இழுத்தாய். எனக்கு அப்போது கோபம். இப்போது நினைத்தால் உன்மேல் பிரியம் கூடுகிறது.

மாசியில் சின்னவன் லீவில் வருகிறான். போடிமெட்டு வழியாக ஒரு நடை வந்துவிட்டுப் போ.

உன்,
செல்வம்