கூலண்டுக்குப் பணம், எஞ்சினுக்குள் போர் தண்ணீர்: சர்வீஸ் சென்டர் மீது புகார்

அனுப்புநர்: பாளையங்கோட்டை வாடிக்கையாளர் (பெயரும் வண்டி எண்ணும் இணைப்பில்)
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர் பிரிவு, தலைமை அலுவலகம்
நாள்: 09.06.2025

பொருள்: கூலண்ட் மாற்றாமலே மாற்றியதாகப் பில் போட்டதால் எஞ்சின் பழுதானது, இழப்பீடு கோருதல்.

ஐயா,

என் காருக்கு 60,000 கிலோமீட்டர் சர்வீஸ் கடந்த ஜனவரி 20 அன்று திருநெல்வேலியில் உள்ள உங்கள் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் நடந்தது. பில் தொகை ₹11,640. அதில் 'கூலண்ட் மாற்றம், 4 லிட்டர், ₹1,480' என்று ஒரு வரி இருக்கிறது. எஞ்சின் சூட்டைத் தணிக்க ரேடியேட்டரில் ஊற்றும் திரவம்தான் கூலண்ட். ஜாப் கார்டிலும் அதற்கு நேரே டிக் அடித்திருக்கிறார்கள். நான்கு மாதம்கூட ஆகவில்லை, மே 14 அன்று எஞ்சின் சூடேறி நின்றுவிட்டது. பழுதுபார்க்க ₹78,400 ஆகும் என்று எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள். காரணம் என்ற இடத்தில் 'வாடிக்கையாளரின் கவனக்குறைவு' என்று எழுதியிருக்கிறார்கள். அந்த வார்த்தையை என்னால் ஏற்க முடியாது.

அன்று மதுரையில் கண் அறுவை முடிந்த என் அம்மாவை அழைத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தேன். சாத்தூர் தாண்டி, கோவில்பட்டிக்கு முன்னால், நான்கு வழிச்சாலையில் சிவப்பு விளக்கு எரிந்தது. என் காரில் டெம்பரேச்சர் முள் கிடையாது. அளவுக்கு மேல் சூடான பிறகுதான் அந்த விளக்கே எரியும். பார்த்த உடனே ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தேன். ரேடியேட்டர் மூடியைத் திறக்கவில்லை, தண்ணீர் ஊற்றவில்லை, மறுபடி ஸ்டார்ட் செய்தும் பார்க்கவில்லை. கத்திரி வெயில், மதியம் ஒரு மணி. கண்ணில் கட்டோடு அம்மா ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்.

கோவில்பட்டியிலிருந்து பைக்கில் ஒரு மெக்கானிக் வந்தார். முதலில் ரேடியேட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸ்களையும் தொட்டுப் பார்த்தார். மேல் ஹோஸில் கை வைக்க முடியவில்லை. கீழ் ஹோஸில் சூடே இல்லை. "தெர்மோஸ்டாட் திறக்கல, அண்ணாச்சி. சூடான தண்ணி ரேடியேட்டர் வழியா ஓடல" என்றார். எஞ்சின் சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டர் வழியாக ஓடவிடும் வால்வுதான் தெர்மோஸ்டாட். நன்றாக ஆறும்வரை காத்திருந்து, கொஞ்சம் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்தார். கூலண்ட் என்றால் பச்சையோ சிவப்போ ஒரு நிறம் இருக்கும், விரலில் தேய்த்தால் வழவழப்பாக இருக்கும். இது குளத்துத் தண்ணீர் போல் கலங்கி, அடியில் துருவோடு இருந்தது. விரலில் தேய்த்தேன், எந்த வழவழப்பும் இல்லை. அப்புறம் ஆயில் மூடியைத் திருகி எடுத்துக் காட்டினார். அதன் உட்புறத்தில் பால் விட்ட காபி நிறத்தில் நுரை ஒட்டியிருந்தது. ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில், தண்ணீரும் ஆயிலும் கலக்காமல் அடைக்கும் தகடு) போய் ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது என்று அவர் சொல்வதற்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. என் அப்பா 22 வருடம் லாரி ஓட்டியவர். தினமும் காலையில் தண்ணீர், ஆயில், ஃபேன் பெல்ட் மூன்றையும் பார்க்காமல் அவர் சாவி போட்டதில்லை. நானும் அப்படித்தான் ஒவ்வொரு சர்வீஸையும் நாள் தவறாமல் செய்துவருகிறேன்.

வண்டியை ரெக்கவரி வாகனத்தில் ஏற்றி உங்கள் சென்டருக்கே கொண்டுபோனேன். தெர்மோஸ்டாட்டை என் கண் முன்னால்தான் கழற்றினார்கள். வெந்நீர் போடும் அண்டாவின் அடியில் படிகிற உப்புக் காரை போல வெள்ளையாக அப்பியிருந்தது. வால்வு அசையவே இல்லை. உங்கள் கையேட்டில் எத்திலீன் கிளைக்கால் கலந்த கூலண்ட்டைத்தான் ஊற்ற வேண்டும் என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அது கொதிநிலையை உயர்த்துகிறது, அதில் உள்ள தடுப்புப் பொருட்கள் துருவைத் தடுக்கின்றன. உப்பு மிகுந்த போர் தண்ணீர் இந்த இரண்டையும் செய்யாது. சூட்டில் உப்புதான் படியும். அலுமினிய ஹெட் அளவு மீறிச் சூடானால் வளைந்துவிடும். என் காரில் நடந்தது அதுதான்.

இதைக் கேட்டபோது சர்வீஸ் மேனேஜர் சொன்ன பதிலை நீங்கள் அவசியம் கவனிக்க வேண்டும். "நாலு மாசத்துல இவ்வளவு உப்பு படியாது சார்" என்றார். சரி, படியாது என்றே வைத்துக்கொள்வோம். இந்த வண்டி வாங்கிய நாள் முதல் வேறு எந்தப் பட்டறையிலும் சர்வீஸ் ஆனதில்லை. 40,000 கிலோமீட்டர் சர்வீஸ் பில்லிலும் கூலண்டுக்குப் பணம் வாங்கியிருக்கிறார்கள். அப்படியானால் அப்போதும் போர் தண்ணீரைத்தான் ஊற்றினார்களா? ஜனவரியில் உண்மையிலேயே பழையதை வடித்துப் புதிதாக ஊற்றியிருந்தால், அந்தக் கலங்கலும் துருவும் யார் கண்ணிலும் படாமல் போயிருக்குமா?

₹1,480-க்குச் செய்ய வேண்டிய வேலையைச் செய்யாததால் இன்று ₹78,400 கேட்கிறார்கள். எஞ்சின் கெடாமல் இருக்கத்தானே முன்கூட்டியே காசு கொடுத்துப் பராமரிக்கிறோம்? பேனட்டுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க எங்களை உள்ளே விடுவதில்லை. பில்லில் இருப்பதை நம்புவதைத் தவிர எங்களுக்கு வேறு வழி இல்லை.

பழுதுபார்க்கும் செலவு முழுவதையும் நிறுவனமே ஏற்க வேண்டும். ரெக்கவரி வாகனத்துக்குக் கொடுத்த ₹4,500, அம்மாவை வீட்டுக்கு அழைத்துவர டாக்சிக்குக் கொடுத்த ₹2,800, ஜனவரியில் வாங்கிய ₹1,480 ஆகியவற்றைத் திருப்பித் தர வேண்டும். எஸ்டிமேட்டில் உள்ள 'கவனக்குறைவு' என்ற சொல்லை எழுத்து மூலம் நீக்க வேண்டும். இன்னொன்று, எனக்காக மட்டும் கேட்பதல்ல: அந்தச் சென்டர் இந்த ஆண்டில் எத்தனை லிட்டர் கூலண்ட் வாங்கியது, எத்தனை லிட்டருக்குப் பில் போட்டது என்று இரண்டு கணக்கையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே வண்டி விட்ட மற்றவர்களின் ரேடியேட்டரிலும் இதே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால், அவர்களை அழைத்து இலவசமாக மாற்றிக் கொடுங்கள். அவர்களும் குடும்பத்தோடுதான் நெடுஞ்சாலையில் போகிறார்கள்.

15 நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் வேண்டும். கஸ்டமர் கேரிலிருந்து மூன்று முறை போனில் பேசிவிட்டார்கள், அது பதில் ஆகாது. வராவிட்டால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சேவைக் குறைபாடு என்று திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். நான் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடர அந்தச் சட்டம் இடம் தருகிறது.

இரண்டு பில்கள், ஜாப் கார்டு, எஸ்டிமேட், புகைப்படங்கள் ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன். தண்ணீர் பாட்டிலும் பழைய தெர்மோஸ்டாட்டும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. உங்கள் பொறியாளர் யாரையாவது அனுப்பினால் காட்டுகிறேன். ஹெட் கழற்றிய நிலையில் வண்டி இன்னும் உங்கள் சென்டரில்தான் நிற்கிறது.

இப்படிக்கு,
பாளையங்கோட்டை வாடிக்கையாளர்