தொன்யுகுக்கையும் கேளுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஓர்கோன் கல்வெட்டுகள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 8ஆம் நூற்றாண்டில் மங்கோலியப் புல்வெளியில் துருக்கியர் நாட்டிய கற்களைப் பற்றித் தமிழில் படிக்கக் கிடைப்பதே அரிது, அதற்கு நன்றி. ஆனால் அந்தத் துருக்கியரின் பேரரசர் (அவர்கள் சொல்லில் ககான்) பில்கே ககான் சொன்னதையெல்லாம் அப்படியே வரலாறாக எடுத்துக்கொண்டு கட்டுரை போவதுதான் உறுத்துகிறது. தம்பி குல் திகினின் நினைவாக 732இல் நாட்டிய கல்லில் அவர் பேசுவது தன் வம்சத்துக்காக. அதே அரசில் இன்னொருவரும் கல் நாட்டியிருக்கிறார். அவரைக் கட்டுரை 'ஓர் அமைச்சர்' என்று ஒரே வார்த்தையில் கடந்துவிடுகிறது.

தொன்யுகுக் அப்படிக் கடந்துபோகக்கூடிய ஆள் இல்லை. மூன்று ககான்களுக்கு ஆலோசகர், பில்கே ககானுக்கு மாமனார். அவருடைய இரண்டு கல்தூண்கள் இன்றைய உலான்பாதருக்குப் பக்கத்தில் நிற்கின்றன. சீனர் ஆட்சியிலிருந்து துருக்கியர் விடுபட்ட கதையை இரண்டு பேரும் சொல்கிறார்கள். பில்கே ககான் சொல்வது இது: துருக்கிய மக்கள் அழிந்துவிடக் கூடாது என்று வானம் தன் தந்தை இல்தெரிஷையும் தாயையும் உச்சந்தலையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தியது, தந்தை 17 பேரோடு கிளம்பினார், அது 70 ஆகி 700 ஆனது. தொன்யுகுக்கோ நேராக 700 பேரில் ஆரம்பிக்கிறார், மூன்றில் இரண்டு பங்கு குதிரையில், ஒரு பங்கு நடையில். இல்தெரிஷைக் ககான் ஆக்கலாமா என்று யோசித்தேன், தூரத்தில் நிற்கும் காளைகளில் எது கொழுத்தது எது மெலிந்தது என்று தெரியாதே என்று தயங்கினேன், அப்புறம் வானம் எனக்கு அறிவு தந்தது, நானே அவரைக் ககான் ஆக்கினேன் என்கிறார்! வானம் தொட்டது யாரை என்பதிலேயே இரண்டு கற்களும் ஒத்துப்போகவில்லை.

போல்சு போரை எடுத்துக்கொள்ளுங்கள். மேற்கிலிருந்த துர்கேஷ் என்ற எதிரிக் குடியின் படை நெருப்பைப் போல வந்தது என்று இரண்டு கற்களும் சொல்கின்றன. குல் திகின் கல்லில் அவர் சாம்பல் நிறக் குதிரையேறிப் பாய்கிறார், தொன்யுகுக் அங்கே இல்லவே இல்லை. தொன்யுகுக் கல்லில், திரும்பிவிடலாம் என்று தலைவர்கள் சொல்ல, அவர்கள் அதிகம் என்று ஏன் பயப்பட வேண்டும், தாக்குவோம் என்று இவர் தூண்டுகிறார், அங்கே குல் திகின் இல்லை. ஒருவரை ஒருவர் இப்படி விட்டுவிடுவது தற்செயலாக நடந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

இதற்குப் பின்னணியும் உண்டு. இல்தெரிஷுக்குப் பின் ஆண்ட அவர் தம்பி கப்கான் ககான் 716இல் கொல்லப்பட்டதும், குல் திகின் கப்கானின் மகனையும் அவரைச் சேர்ந்தவர்களையும் கொன்று அண்ணன் பில்கேயை அரியணையில் ஏற்றினார். தொன்யுகுக் தப்பியது மாமனார் என்பதால்தான். இது நமக்குத் தெரிவது சீன வரலாற்று ஏடுகளிலிருந்து. குல் திகின் கல் அந்தக் கொலைகளைப் பற்றி வாய் திறப்பதில்லை. அப்படி வந்த அரியணைக்கு வானத்தின் ஆணை எவ்வளவு தேவைப்பட்டிருக்கும் என்பதைக் கட்டுரையாளர் யோசித்திருக்க வேண்டும். ஏழைகளைச் செல்வராக்கினேன், சிறிய குடியைப் பெரிதாக்கினேன் என்று பில்கே ககான் சொல்லும்போது எதிரில் அவரை ஏற்காதவர்களும் இருந்தார்கள் என்றே நான் படிக்கிறேன்.

இன்னொன்று. நீங்கள் போட்டிருந்த படத்தில் தெரிவது குல் திகின் கல்லின் சீன முகம், கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அது சீனத்தின் தாங் வம்சப் பேரரசர் சுவான்சோங்கின் இரங்கலுரை, ககான் எனக்கு மகனைப் போன்றவர் என்கிறது. அதே கல்லின் துருக்கிய முகத்தில் பில்கே ககான், சீனர்களின் இனிய பேச்சிலும் மென்பட்டிலும் மயங்கித் துருக்கியரே உங்களில் பலர் மடிந்தீர்கள் என்று எச்சரிக்கிறார். இந்த முரணை விட்டுவிட்டு அந்தக் கல்லைப் பற்றி எழுதவே முடியாது. 744இல் அந்தத் துருக்கிய அரசை வீழ்த்திய உய்குர்கள் என்ற புல்வெளிக் குடியினரின் ஷினே உசு கல்வெட்டோ, அதன்பின் துருக்கிய மக்கள் இல்லாமலே போனார்கள் என்று ஒரே வரியில் முடிக்கிறது.

அடுத்த பகுதி வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் தொன்யுகுக் கல்லின் தொடக்க வரிகளையும் குல் திகின் கல்லின் சீன உரையையும் மொழிபெயர்த்து, பில்கே ககானின் வார்த்தைகளுக்குப் பக்கத்திலேயே வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்