கட்டணம் கட்டும் முன் பட்டியலைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலைக்கும் போய்க்கொண்டு பிள்ளைகளையும் வளர்ப்பவர்கள், விட்ட படிப்பை இணையவழியில் முடிக்க நினைத்தால் முதலில் விசாரிப்பது கட்டணத்தைத்தான். அதற்கு முன்பே கேட்க வேண்டியது ஒன்று உண்டு: இந்தப் பாடத்துக்கு, இந்தச் சேர்க்கைப் பருவத்துக்கு அனுமதி இருக்கிறதா?

பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் நம்பக்கூடாது. எந்தப் பல்கலைக்கழகம் எந்தப் பாடத்தை நடத்தலாம் என்று பருவந்தோறும் யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) தொலைநிலைக் கல்விப் பிரிவு தன் இணையதளத்தில் பட்டியல் வெளியிடுகிறது. ஒரே இடத்தில் பி.காம். படிப்புக்கு அனுமதி இருக்கும், பி.பி.ஏ. படிப்புக்கு இருக்காது. தொலைநிலைப் பட்டியலில் உள்ள பாடம் இணையவழிப் பட்டியலில் இல்லாமலும் போகலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம்; நம் கடலோரக் குடும்பங்களுக்கு ஆற அமரப் பேச நேரம் கிடைப்பது அப்போதுதான். ஆனால் அந்நாளில் இணையத்தில் இருப்பது முந்தைய பருவத்தின் பட்டியலாக இருக்கலாம். ஜூலைப் பருவத்துக்கான பட்டியலில் பாடத்தின் பெயரைக் கண்ணால் பார்க்கும்வரை பணம் கட்ட வேண்டாம்.

சேர்வதற்கு ஏபிசி எண்ணும் (மாணவர் பெறும் கிரெடிட்களைச் சேர்த்து வைக்கும் கணக்கின் எண்), அதை வைத்து டிஇபி ஐடியும் (தொலைநிலைக் கல்விப் பிரிவின் அடையாள எண்) எடுக்க வேண்டும். இதை மாணவரே செய்வதுதான் நல்லது. 'நாங்களே எடுத்துத் தருகிறோம்' என்பவரிடம் ஓடிபியைச் சொல்லாதீர்கள். ஆதாரில் ஒரு தலைப்பெழுத்தும் மதிப்பெண் பட்டியலில் வேறொன்றும் இருந்தால் இங்கேயே தடங்கல் வரும், முன்கூட்டியே திருத்திவிடுங்கள். கட்டணம் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கே போக வேண்டும். தனியார் நிறுவனங்களுக்கு உரிமம் கொடுத்துப் பட்டப்படிப்பு நடத்தக்கூடாது என்று யுஜிசி 2022 ஜனவரியிலேயே எச்சரித்திருக்கிறது.

பொறியியல், நர்சிங், பார்மசி, சட்டம் ஆகியவற்றில் இணையவழிப் பட்டத்துக்கு அனுமதியே இல்லை. அரசு வேலை எண்ணம் இருந்தால், பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பிறகு பட்டம் என்ற வரிசை முக்கியம். பிளஸ் டூ முடிக்காதவர்கள் அதை முதலில் எழுதிவிடுவதே பாதுகாப்பு.

பலர் பாதியில் நிற்பதற்குக் காரணம் நேரக் கணக்கைப் போடாததுதான். படிப்பின் அளவைக் கிரெடிட்டில் கணக்கிடுவார்கள்; ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு. ஆறு மாதப் பருவத்துக்கு 20 கிரெடிட் என்றால் 600 மணி நேரம். 26 வாரத்துக்குப் பிரித்தால் வாரம் 23 மணி நேரம். பிள்ளைகள் தூங்கிய பிறகு தினம் இரண்டு மணி நேரம் என்றால் வாரம் 14தான் வரும். அதனால் தாள்களைத் தள்ளி எழுத முடியுமா, பட்டத்தை முடிக்க அதிகபட்சம் எத்தனை ஆண்டு தருவார்கள் என்று சேரும் முன்பே கேளுங்கள். மத்திய அரசின் இணையவழிப் பாடத் தளமான ஸ்வயத்தில் 8 அல்லது 12 வாரப் பாடம் ஒன்றை இலவசமாகப் படித்துப் பார்த்தால் வீட்டு நிலவரம் புரிந்துவிடும்.

தேர்வைப் பற்றியும் கேட்க வேண்டும். கேமரா முன் எழுதும் தேர்வில் குழந்தை அறைக்குள் வந்தாலே முறைகேடு என்று பதிவாகலாம். ஜூலையில் சேர்ந்தால் முதல் தேர்வு பெரும்பாலும் டிசம்பரை ஒட்டி வரும். பாம்பனிலும் மண்டபத்திலும் அது மழையும் புயலும் மின்வெட்டுமான காலம். நடுவில் இணைப்பு அறுந்தால் மறுபடி உள்ளே நுழைய எத்தனை நிமிடம் தருவார்கள், மையத்துக்குப் போய் எழுத வழி உண்டா, எந்த ஊரில் என்பதையெல்லாம் மின்னஞ்சலில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
உச்சிப்புளி.