அக்கா, அந்தப் பதவி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்

அக்கா,

இந்த அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் நிரந்தரத் தலைவர் பதவிக்கான பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிடச் சொல்லிக் கடிதம் கொடுத்துவிட்டேன். இன்று அத்தானின் இரண்டாம் வருடத் திவசம். தலைத்திவசத்துக்கு நான் ஏன் வரவில்லை என்பது உனக்குத் தெரியும். அந்தச் சனிக்கிழமை யார் பக்கத்தில் உட்கார்ந்து எந்த மேட்ச் பார்த்தேன் என்பதும் தெரியும். திரும்ப எழுதக் கூச்சமாக இருக்கிறது.

பல்கலைக்கழகத்தின் பெயரை இங்கே எழுத மாட்டேன். தற்காலிகத் தலைவராக மே மாதம் வரை சம்பளம் வாங்க வேண்டியவன். தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் எங்கள் ஊரிலும் நாலு பேர் இருக்கிறார்கள்.

ஒரு பையனைப் பற்றி உன்னிடம் பாதிதான் சொன்னேன். ஆறடி நாலங்குலம் இருப்பான். என் அறை நாற்காலியில் முழுதாக உட்கார முடியாமல் நுனியில் இருந்தான். வலது கையில் இரண்டு விரல்களைச் சேர்த்து வெள்ளை டேப் சுற்றியிருந்தது. உயிரியல் படித்து டாக்டராக வேண்டும் என்றான். லேப் மத்தியானம், அமெரிக்க ஃபுட்பால் பயிற்சியும் மத்தியானம். விதிப்படி சீசனில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி கூடாது. அந்த 20 மணி எப்போது என்பது கோச் முடிவு.

கோச்சைக் கூப்பிட்டுப் பேசினேன். என்னைவிடப் பல மடங்கு சம்பளம் வாங்குகிறவர், மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. “ஒருத்தனுக்காக நூறு பேரின் நேரத்தை மாற்றச் சொல்கிறீர்களா?” என்றார். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். “யோசித்துச் சொல்லுங்கள்” என்றேன். அவர் யோசிக்கவில்லை, நானும் மறுபடி கேட்கவில்லை.

கடைசியில் பாடத்தை மாற்றிக்கொள் என்று பையனிடம் சொன்னது கோச் இல்லை அக்கா, நான்தான். ‘இப்போதைக்கு’ என்று ஒரு சொல்லையும் சேர்த்துக்கொண்டேன். டேப் சுற்றிய விரல்களில் பேனா நிற்கவில்லை. இடது கையால் கையெழுத்துப் போட்டான், கோழி கிண்டியது மாதிரி. தேங்க் யூ சொல்லிவிட்டு, கதவைச் சத்தம் வராமல் சாத்திக்கொண்டு போனான். அவ்வளவு பெரிய உடம்புக்கு அந்தக் கதவு சத்தம் போட்டிருக்க வேண்டும்.

இதன் பாதியைக் கேட்டதற்கே, “நீ அங்கே பிரசிடென்டா, வாட்ச்மேனா?” என்றாய். உனக்கென்ன, கேட்டுவிட்டாய். உன் காலேஜில் பி.டி. சார், விளையாடப் போகிறவர்களுக்கு வருகைப்பதிவு கேட்கும் ஓ.டி. கடிதத்தை வைத்துக்கொண்டு உன் மேசை முன்னால் நிற்பார். பரீட்சை அன்று ஓ.டி. கிடையாது என்றால் கிடையாதுதான். ஒரு வாலிபால் கோர்ட், வருஷத்துக்கு ஒரு ஜெர்சி செட். அதை வைத்து இத்தனை வருஷமாக எனக்கு வகுப்பெடுக்கிறாய். இங்கே மேட்ச் என்றைக்கு, எத்தனை மணிக்கு என்பதையே டிவிக்காரர்கள்தான் சொல்கிறார்கள்.

2011ல் ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத் தலைவர் கார்டன் கீயிடம், ஃபுட்பால் கோச்சை நீக்கும் எண்ணம் உண்டா என்று கேட்டார்கள். கோச் என்னை நீக்காமல் இருந்தால் சரி என்றார். வேடிக்கைக்குத்தான் சொன்னார். கல்லூரி விளையாட்டின் கடிவாளம் தலைவர் கையில் இருக்க வேண்டும் என்று 1991ல் எழுதியது, கல்லூரி விளையாட்டைச் சீர்திருத்தச் சொல்லும் நைட் கமிஷன். அதே கமிஷன் 2009ல் பெரிய ஃபுட்பால் பல்கலைக்கழகத் தலைவர்களையே கேட்டது. செலவைப் பிடித்து நிறுத்தும் பலம் தங்களிடம் அவ்வளவாக இல்லை என்று பலரும் ஒப்புக்கொண்டார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. 2025-26ல் ஒரு பல்கலைக்கழகம் வீரர்களுக்கு நேரடியாக 2.05 கோடி டாலர் வரை கொடுக்கலாம் என்று ஆனதும், அந்தக் கணக்கை என் முன்னால் வைத்தார்கள். மண் இயக்கவியல் படித்தவன் நான். அதில் எதைக் கேட்க வேண்டும் என்பதே தெரியவில்லை. தெரிந்த மாதிரி தலையாட்டினேன். எனக்கு இது பிடிபடவில்லை என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் யாராவது தெரிந்தவரை உட்காரவைத்திருப்பார்கள்.

மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் 2018ல், ஃபுட்பால் பயிற்சி ஓட்டத்தில் வெப்பம் தாக்கிச் சுருண்ட 19 வயதுப் பையன் இறந்துபோனான். கோச்சை வைத்துக்கொள்ளச் சொன்னது பல்கலைக்கழகத்துக்கு மேலே இருக்கும் நிர்வாக போர்டு. தலைவர் வாலஸ் லோ, தான் ஓய்வு பெறப்போவதாக அறிவித்தார். மறுநாள் கோச்சை நீக்கினார். போகிறேன் என்று சொன்ன பிறகுதான் அவருக்குக் கை வந்தது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். அப்படித்தானா என்று அவரைத்தான் கேட்க வேண்டும்.

நானும் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஒரு கையும் வரவில்லை. நேற்று அடுத்த செமஸ்டர் பயிற்சி நேரப் பட்டியல் மேசைக்கு வந்தது. மத்தியானம் முழுக்க அவர்களுக்கு. இனிஷியல் போட்டு அனுப்பிவிட்டேன்.

அத்தான் இருந்திருந்தால், சரி விடு, சாப்பிட்டியா என்று கேட்டிருப்பார். நீ கேட்க மாட்டாய்.

அவர் ஈசிசேரை யாருக்கும் கொடுத்துவிடாதே. டிசம்பர் 20க்கு டிக்கெட் போட்டிருக்கிறேன். டீமுக்குச் சீசன் முடிந்ததும் நடக்கும் பௌல் மேட்ச் கிடைத்துவிட்டால் மட்டும் தேதி கொஞ்சம் தள்ளிப்போகும். கத்தாதே.

உன் தம்பி